மேற்கோட் கணக்கும் இரைப்பைப் புண் ஆய்வின் வரலாறும்

ஓர் ஆய்வுக் கட்டுரையின் பெறுமதியை எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினா அறிவியலுலகில் நெடுங்காலமாக இருந்துவரும் ஒன்றாகும். இன்று பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கு நிதி வழங்கும் நிறுவனங்களும் இவ்வினாவிற்குப் பெரும்பாலும் எண்களாலேயே விடை காண முற்படுகின்றன. ஒரு கட்டுரையைப் பின்வந்த கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின, அது வெளிவந்த சஞ்சிகையின் தாக்கக் காரணி யாது, அதனை எழுதியவரின் எச் சுட்டெண் யாது என்பனவே பதவி உயர்வின்போதும் நியமனத்தின்போதும் முதலில் நோக்கப்படுகின்றன. இக்கணக்குகள் எதனைப் புலப்படுத்துகின்றன, எதனைப் புலப்படுத்தாது விடுகின்றன என்பதை ஆராய்வதற்குச் சமிபாட்டு மருத்துவத்தின் வரலாறு தெளிவான சான்றொன்றினை அளிக்கின்றது. அச்சான்று இரைப்பைப் புண்ணின் காரணம் பற்றிய ஆய்வு கடந்துவந்த பாதையாகும்.

மேற்கோள்களை எண்ணும் வழக்கம் நூலகத்தின் தேவையிலிருந்தே பிறந்தது. சிறு கல்லூரி ஒன்றின் நூலகம் எந்த இரசாயனவியற் சஞ்சிகைகளை வாங்குதல் தகும் என்பதைத் துணிவதற்காக, குரொஸ் என்னும் ஒரே குடும்பப் பெயருடைய இருவர், அமெரிக்க இரசாயனவியற் கழகச் சஞ்சிகையின் 1926ஆம் ஆண்டு இதழ்களிலுள்ள மேற்கோள்களை எண்ணி, 1927இல் தமது முடிவுகளை வெளியிட்டனர். 1955இல் யூஜின் கார்பீல்ட் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இம்முயற்சிக்குப் புதியதொரு நோக்கத்தைத் தந்தது. ஒரு வழக்கின் தீர்ப்புப் பிற்கால நீதிமன்றங்களால் ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்பதை அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு சுட்டியின் துணைகொண்டு அறிவர். அதுபோன்றதொரு சுட்டி அறிவியலுக்கும் வேண்டும் என்றார் கார்பீல்ட். பிழையான அல்லது காலங்கடந்த தரவுகளை ஆய்வாளர் ஆராயாது எடுத்தாள்வதைத் தடுத்தல் அவர் கருதிய முதன்மையான பயன்களுள் ஒன்று. பிலடெல்பியாவில் அவர் நிறுவிய நிறுவனம் 1964இல் அறிவியல் மேற்கோட் சுட்டியை வெளியிட்டது. அச்சுட்டியிற் சேர்த்தற்குரிய சஞ்சிகைகளைத் தெரிவுசெய்வதற்காக அவரும் ஏர்விங் ஷேர் என்பாரும் வகுத்ததே தாக்கக் காரணி. ஒரு சஞ்சிகை முந்திய ஈராண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் ஓராண்டிற் பெற்ற மேற்கோள்களின் தொகையை, அவ்வீராண்டுகளில் வெளியான கட்டுரைகளின் தொகையால் வகுக்கப் பெறுவது அது. ஆகவே, திறனாய்வுக்குத் துணையாகவும் தெரிவுக்குக் கருவியாகவும் தோன்றிய கணக்கே பின்னர் மனிதரை மதிப்பிடும் அளவுகோலாயிற்று.

இனி, இரைப்பையை நோக்கலாம். 1893இல் இத்தாலியின் தூரின் நகரிலே யூலியோ பிற்சோசெரோ நாய்களின் இரைப்பையில் சுருள்வடிவ நுண்ணுயிர்களைக் கண்டு விவரித்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் மனித இரைப்பையிலும் அத்தகையவை காணப்பட்டன. 1940இல் பொஸ்ரனைச் சேர்ந்த பிரீட்பேர்க், பரன் ஆகிய இருவரும் சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்ட 35 இரைப்பைகளை வெள்ளிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, அவற்றுள் 13இல் இவ்வுயிரிகளைக் கண்டனர். புண்ணுள்ள இரைப்பைகளில் அவை மிகுதியாக இருந்தன. அவர்தம் கட்டுரை அமெரிக்கச் சமிபாட்டு நோய்ச் சஞ்சிகையில் வெளிவந்தது. எனினும், உயிரிகள் புண்ணை உண்டாக்கினவா, அன்றிப் புண்பட்ட இடத்திற் பின்னர் வந்து குடியேறினவா என்பதை அவர்களால் துணிய இயலவில்லை. பிரீட்பேர்க் பின்னர் இருதய மருத்துவத்தில் ஈடுபட்டார்.

இந்நிலையிலேதான் 1954ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்தது. அமெரிக்க இரைப்பைக்குடலியற் சங்கம் 1943இல் தொடங்கிய 'காஸ்ரோஎன்ரறோலொஜி' இத்துறையின் முதன்மைச் சஞ்சிகைகளுள் ஒன்று. அதில் எடி பாமர் என்னும் இராணுவ மருத்துவர், 1180 நோயாளரின் இரைப்பையிலிருந்து பெற்ற இழையத் துண்டுகளைச் சோதித்தும் ஒன்றிலேனும் சுருளுயிரிகளைக் காணவில்லை என அறிவித்தார். முன்னையோர் கண்டவை வாயிலிருந்து சென்று இறப்பின் பின் பெருகியனவாதல் கூடும் என்பது அவர் கருத்து. 35 இரைப்பைகளுக்கு எதிரே 1180 நோயாளர் என்னும்போது, எண்ணிக்கையின் பாரமே வாதத்தை முடித்துவைத்தது எனலாம். ஆயின், பாமர் வெள்ளிச் சாயத்தைக் கையாளவில்லை. வழமையான சாயத்தையே பயன்படுத்தினார். மாதிரியின் பருமன் எவ்வளவு பெரிதாயினும், காணும் முறை குறையுடையதாயின் அப்பருமன் பிழையைத் திருத்தாது. அதனை உறுதிப்படுத்தவே செய்யும்.

அக்காலத்திற் கோலோச்சிய கொள்கையும் பாமரின் முடிவுக்கு இசைவாயிருந்தது. அமிலம் இல்லாவிடிற் புண்ணும் இல்லை என 1910இல் சுவார்ஸ் வகுத்த கூற்று மருத்துவக் கல்வியின் அடிப்படையாக விளங்கிற்று. அமிலம் நிறைந்த இரைப்பையிற் பற்றீரியா வாழ இயலாது என்பது பாடநூல் வழக்கு. கிரேக்கத்தின் மிசொலொங்கி நகரில் யோன் லிக்கூடிஸ் என்னும் மருத்துவர் 1958 முதலாகப் புண் நோயாளருக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வழங்கிவந்தார். அவரது கட்டுரையைச் சஞ்சிகைகள் ஏற்கவில்லை. 1968இல் அவருக்குத் தண்டப்பணமும் விதிக்கப்பட்டது. 1975இல் பிரித்தானிய இரைப்பைக்குடலியற் சங்கத்தின் 'கட்' சஞ்சிகையில் ஸ்ரியர், கொலின் யோன்ஸ் ஆகியோர் இரைப்பைப் புண் நோயாளரின் இழையங்களிற் பற்றீரியாக்கள் இருத்தலை இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களோடு வெளியிட்டனர். ஆனால், வளர்ப்பூடகத்தில் வளர்ந்தது மாசாகப் புகுந்த வேறொரு பற்றீரியாவே ஆதலின், அக்கண்டுபிடிப்பு அங்கேயே நின்றது. அடுத்த ஆண்டு பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த சிமெற்றிடின், அமிலச் சுரப்பைக் குறைத்துப் புண்ணை ஆற்றியது. மருந்தை நிறுத்தியதும் புண் மீண்டது, மருந்தும் தொடர்ந்தது. புண்ணின் காரணத்தைத் தேடவேண்டும் என்னும் எண்ணம் இதனால் மேலும் தளர்வுற்றது.

1979ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் அரச மருத்துவமனையில் நோயியலாளராகிய ரொபின் வொறன், அழற்சியுற்ற இரைப்பை இழையமொன்றிற் பற்றீரியாக்களைக் கண்டார். அவர்க்கு முதலில் ஐயம் எழுந்தது வழமையான சாயம் ஏற்றிய துண்டிலேதான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் வெள்ளிச் சாயம் ஏற்றி அதனை உறுதிசெய்தார். எனவே பாமரின் குறையைச் சாயத்தின் மீது மட்டும் சுமத்திவிட முடியாது. இல்லை எனத் தெளிந்துவிட்ட பொருளைக் கண் தேடுவதில்லை. 1981இல் இளம் மருத்துவராகிய பரி மார்ஷல் வொறனோடு இணைந்தார். வளைநெகிழ்வுடைய உள்நோக்குக்கருவி பரவலாகிவிட்டமையால், உயிருள்ள நோயாளரிடமிருந்து இழையத் துண்டுகளைப் பெறுதல் அப்போது எளிதாயிருந்தது. நூறு நோயாளரிடம் நடாத்தப்பட்ட ஆய்வில், முன்சிறுகுடற் புண் உடைய 13 பேரிடத்தும் பற்றீரியா காணப்பட்டது. வளர்ப்புத் தட்டுகள் ஈரிரு நாட்களிலே கழிக்கப்பட்டமையால் முதலில் எதுவும் வளரவில்லை. 1982ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் ஐந்து நாட்கள் விடப்பட்ட தட்டிலேதான் அது முதன்முறையாக வளர்ந்தது.

1983இல் அவுஸ்திரேலிய இரைப்பைக்குடலியற் சங்கத்தின் கூட்டத்திற்கு மார்ஷல் அனுப்பிய ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்படவில்லை. அவ்வாண்டில் 'லான்செற்' சஞ்சிகையில் இருவரதும் கடிதங்கள் வெளிவந்தன. 1984இல் முழுக் கட்டுரையும் அதிலேயே வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மார்ஷல் அப்பற்றீரியாவைத் தாமே பருகி, தம் இரைப்பையில் அழற்சி உண்டாயதைக் காட்டி, 1985இல் அவுஸ்திரேலிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். 1989இல் அவ்வுயிரிக்கு எலிக்கோபக்ரர் பைலோரி என்னும் பெயர் நிலைபெற்றது. 1994இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய மாநாடு, இத்தொற்றுள்ள புண் நோயாளருக்கு நுண்ணுயிர்க்கொல்லி வழங்குதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் அதே ஆண்டில் இதனை மனிதரிடத்துப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதலாம் பிரிவிற் சேர்த்தது. 2005இல் வொறனும் மார்ஷலும் நோபல் பரிசு பெற்றனர். அவ்வாண்டிலேயே பௌதிகவியலாளர் யோர்ச் ஹேர்ஷ் எச் சுட்டெண்ணை முன்மொழிந்தார் என்பது தற்செயலான ஒற்றுமையேயாயினும் சிந்தனைக்குரியது.

இவ்வரலாற்றை மேற்கோட் கணக்கோடு ஒப்புநோக்கும்போது மூன்று உண்மைகள் வெளிப்படுகின்றன.

முதலாவது, காலம் பற்றியது. தாக்கக் காரணி ஈராண்டுகளையே கணக்கில் எடுக்கின்றது. அக்கணக்கின்படி 1984ஆம் ஆண்டுக் கட்டுரை 'லான்செற்' சஞ்சிகையின் மதிப்பிற்குப் பங்களித்திருக்கக்கூடிய ஆண்டுகள் 1985, 1986 என்னும் இரண்டு மட்டுமே. அக்கட்டுரையின் கருத்து மருத்துவ நடைமுறையாக மாறுவதற்கோ பத்தாண்டுகள் சென்றன. பிரீட்பேர்க், பரன் ஆகியோரின் 1940ஆம் ஆண்டுக் கட்டுரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிய பின்னரே முன்னோடி ஆய்வாக மீண்டும் எடுத்துரைக்கப்பட்டது. விதைத்த மறுநாளே விளைச்சலை அளக்கும் கணக்கு நெல்லுக்கும் ஆகாது, அறிவுக்கும் ஆகாது.

இரண்டாவது, மேற்கோளின் தன்மை பற்றியது. குரோன் நோயின் கடுமையை அளப்பதற்கான சுட்டெண்ணை வகுத்து 1976இல் 'காஸ்ரோஎன்ரறோலொஜி' வெளியிட்ட கட்டுரை, அச்சஞ்சிகையின் மிகுதியும் எடுத்தாளப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று. அது ஓர் அளவுகோல். அதனைக் கையாளும் ஒவ்வோர் ஆய்வும் அதனைக் குறிப்பிட வேண்டியுள்ளது. ஆனால், அந்நோயை 1932இல் விவரித்த குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் ஆகியோரின் கட்டுரையை, அந்நோயின் பெயரை நாள்தோறும் எழுதுவோர் குறிப்பிடுவதில்லை. கண்டுபிடிப்புப் பொதுவறிவாகிவிட்டால் மேற்கோள் மறைந்துவிடுகின்றது என்பதைச் சமூகவியலாளர் றொபேட் மேர்ட்டன் சுட்டிக்காட்டியுள்ளார். மேலும், ஒரு சஞ்சிகையின் கட்டுரைகளுள் மிகுதியும் எடுத்தாளப்படும் 15 சதவீதமே மொத்த மேற்கோள்களில் ஏறத்தாழப் பாதியைப் பெறுகின்றன என நோர்வேயைச் சேர்ந்த பேர் செக்லன் 1990களிற் காட்டினார். ஆதலின், சஞ்சிகையின் சராசரியைக் கொண்டு அதிலுள்ள தனிக் கட்டுரையை மதிப்பிடுதல் தருக்கத்திற்குப் பொருந்தாது.

மூன்றாவதே இவற்றுள் முதன்மையானது. பாமரின் கட்டுரை செல்வாக்குடையதா என வினவின், மிக்க செல்வாக்குடையது என்றே விடை கூறவேண்டும். ஆனால், அதன் செல்வாக்கு எடுத்தாளப்பட்ட தடவைகளில் அன்று, கேட்கப்படாது விடப்பட்ட வினாக்களிலேயே தங்கியிருந்தது. அக்கட்டுரையினாலும் அக்காலக் கொள்கையினாலும் தொடங்கப்படாது போன ஆய்வுகளுக்கு எந்தச் சுட்டியிலும் பதிவில்லை. மேற்கோட் கணக்கு பேச்சையே எண்ணுகின்றது. மௌனத்தை எண்ணும் வழி அதற்கில்லை. அம்மௌனத்தின் விலையையோ, இரைப்பையின் பகுதியைச் சத்திரசிகிச்சையால் இழந்தோரும், ஆண்டுக்கணக்காக அமிலக் குறைப்பு மருந்தை உட்கொண்டோரும் செலுத்தினர். அவர்களுட் பலருக்கு ஒரு சில வார நுண்ணுயிர்க்கொல்லிச் சிகிச்சையே போதியதாக இருந்திருக்கும்.

சுருளுயிரிகள் இல்லை என 1954இல் அறிவித்த அதே 'காஸ்ரோஎன்ரறோலொஜி' சஞ்சிகை, 2017இல் அவ்வுயிரியின் உலகளாவிய பரம்பல் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டது. 2015ஆம் ஆண்டில் ஏறத்தாழ 440 கோடி மக்கள், அதாவது உலக மக்களில் அரைப்பங்கினருக்கும் மேற்பட்டோர், அதனைத் தம் இரைப்பையிற் கொண்டிருந்தனர் என்பது அவ்வாய்வின் மதிப்பீடு. ஒரே சஞ்சிகையின் மதிப்பு இவ்விரு கட்டுரைகளுக்கும் பொதுவாயினும், அவற்றின் உண்மை பொதுவன்று.

இவற்றைக் கொண்டு மேற்கோட் கணக்குப் பயனற்றது என முடிவுசெய்தல் தவறாகும். ஒரு கருத்து எவ்வாறு பரவியது, எவரால் ஏற்கப்பட்டது, எங்கு மறுக்கப்பட்டது என்பவற்றை அறிதற்கு அது சிறந்த வழிகாட்டி. கார்பீல்ட் முதலில் கருதிய பயனும் அதுவே. 2012இல் சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய சஞ்சிகை ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் உருவாக்கி அடுத்த ஆண்டில் வெளியிட்ட பிரகடனமும், 2015இல் வெளிவந்த லெய்டன் அறிக்கையும், எண்ணைத் தீர்ப்பாகக் கொள்ளாது தீர்ப்புக்குத் துணையாகக் கொள்ளுமாறு வற்புறுத்துகின்றன. ஒரு கட்டுரையை மதிப்பிட விரும்புவோர் அதனைப் படித்தல் வேண்டும். அதன் முறையை வினவுதல் வேண்டும். எந்தச் சாயம் ஏற்றப்பட்டது, எந்தத் தட்டு எத்தனை நாள் வைக்கப்பட்டது என்பன போன்ற சிறு வினாக்களைக் கேட்டல் வேண்டும். 1954இல் அத்தகைய ஒரு வினாவை எவரேனும் விடாது கேட்டிருப்பின், இரைப்பைப் புண்ணின் வரலாறு கால் நூற்றாண்டு முன்னதாகவே திசைமாறியிருத்தல் கூடும்.