தீவுகளின் விளக்கும் நம் மண்ணும்: ஒரு வரலாற்றுப் பார்வை



சில வாரங்களுக்கு முன் அறிவியல் பாடவேளையில் புதுப்பிக்கக்கூடிய சக்தி மூலங்களைப் பற்றிக் கற்பித்துக் கொண்டிருந்தேன். மெர்சிங் கடற்கரைக்கு அப்பாலுள்ள சிபு, திங்கி, பெமாங்கில், ஆவுர் முதலிய தீவுகளில் மின்சாரம் பெற நெடுங்காலமாக டீசலைப் படகேற்றிக் கொண்டு சென்றனர் என்று கூறினேன். உடனே ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், டீசலுக்குப் பதிலா நம்ம செம்பனை எண்ணெயை எரிக்கலாமே? அது மரத்திலேர்ந்துதானே வருது?" என்று கேட்டான்.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. அவனுக்காகத் தேடிப் படித்தவற்றை இங்கே பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் அவனுடைய கேள்வியில் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். செடியும் மரமும் வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொள்கின்றன. அவற்றை எரிக்கும்போது அதே வாயு வெளியேறுகிறது. வரவும் செலவும் சரியாகிவிடுகிறது. நிலத்தடியில் பல கோடி ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த எண்ணெயை எரித்தால் செலவு மட்டுமே உண்டு, வரவு இல்லை. பெருநிலத்து மின்கம்பி எட்டாத தீவுகள் தாவர எரிபொருளை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். கப்பலில் வரும் டீசலின் விலை மற்றொரு காரணம்.

இவ்வகையில் மொரிசியஸ் தீவு முன்னோடியாகும். 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுள் தமிழரும் இருந்தனர். அவர்கள் கரும்பு வெட்டிய அந்த மண்ணில் ஆலைகளில் மிஞ்சும் சக்கையே எரிபொருளாயிற்று. ஒரு டன் கரும்பில் ஏறக்குறைய 300 கிலோ சக்கை எஞ்சும். 1957ஆம் ஆண்டில் செயின்ட் அந்துவான் சர்க்கரை ஆலை தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தைப் பொது மின்கட்டமைப்புக்கு வழங்கத் தொடங்கியது. 1991இல் அரசு இதற்கெனத் தனித்திட்டம் வகுத்தது. 2000ஆம் ஆண்டில் பெல் வியூவில் பெரிய மின்நிலையம் எழுந்தது.

இதன் சிறப்பு யாதெனில், எரிபொருளுக்காகப் புதிதாக ஒரு காணி நிலமும் திருத்தப்படவில்லை. வீணாகும் பொருளே விளக்காயிற்று. ஆயினும் ஒரு குறை உண்டு. கரும்பு வெட்டுங் காலம் ஏறக்குறைய ஆறு மாதமே. எஞ்சிய மாதங்களில் அதே கொதிகலன்களில் இறக்குமதி நிலக்கரி எரிந்தது. கரும்பு நிலம் சுருங்கச் சுருங்கச் சக்கையும் குறைந்தது.

அருகிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் கதையும் இதனோடு ஒட்டியதே. 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர் அங்கும் கரும்புக் காடுகளுக்குச் சென்றனர். அங்கே 1992இல் புவா ரூஜிலும் 1995இல் லெ கோலிலும் சக்கையும் நிலக்கரியும் எரிக்கும் மின்நிலையங்கள் அமைந்தன. அண்மையில் இவற்றில் நிலக்கரி கைவிடப்பட்டு மரத்தூள் குச்சிகள் இடம்பெற்றன. துறைமுகத்தை ஒட்டிய மற்றொரு மின்நிலையம், 2023இல் கனரக எண்ணெயை விட்டு, கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதையின் எண்ணெயிலிருந்து பெறும் எரிபொருளுக்கு மாறியது.

தீவின் புகைபோக்கிக்கு இது நன்மையே. ஆனால் மரத்தூளும் விதையெண்ணெயும் பெரும்பாலும் கடல் கடந்து வருபவை. சக்கை எந்த வயலில் விளைந்தது என்பது தீவினரின் கண்ணுக்குத் தெரிந்தது. கப்பலில் வருவது எந்தக் காட்டை, எந்த வயலைக் கேட்டது என்பது அவர்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வயலுக்கு இடும் தழைச்சத்து உரத்திலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 250 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடேற்றுவது. அதுவும் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

கடல் கடந்து வரும் இவ்வகை எரிபொருளாகத்தான் நம் செம்பனை எண்ணெயும் இவ்வரலாற்றுக்குள் வருகிறது. 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் நெதர்லாந்தில் ஒரு பெரிய மின்நிலையம் செம்பனை எண்ணெயை எரித்தது. காடழிப்பு பற்றிய எதிர்ப்பு எழவே, 2006 அளவில் அதை நிறுத்திக்கொண்டது. 2007இல் ஹவாய்த் தீவுகளின் மின்நிறுவனமும் செம்பனை எண்ணெய் வாங்கத் திட்டமிட்டு, அதற்கான சுற்றுச்சூழல் நிபந்தனைகளை வெளியிட்டது. அங்குள்ள ஆர்வலர்கள் அப்போதும் உடன்படவில்லை. ஓவாஹு தீவில் 2009இல் கட்டிமுடிக்கப்பட்ட 110 மெகாவாட் நிலையத்துக்கு, முடிவில், கழிவுக் கொழுப்பிலிருந்தும் பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்தும் செய்த பயோடீசலே வந்தது.

அவர்கள் அஞ்சியது எதனை? விடை நம் காலடியிலேயே உள்ளது, வாசகர்களே!

பொந்தியான், பத்து பகாட் வட்டாரங்களில் மக்கிய தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காய்ப் படிந்த சதுப்பு மண் உண்டு. மலாயில் இதனைத் 'தானா கம்புட்' என்பர். நீரில் மூழ்கியிருக்கும் வரை அது மட்காது. கரியைத் தன்னுள் பூட்டி வைத்திருக்கும். 1970களில் உலக வங்கிக் கடனுதவியுடன் மேற்கு ஜொகூர் வேளாண் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வாய்க்கால்கள் வெட்டப்பட்டன, கடல்நீர் புகாதபடி கரைகளும் மதகுகளும் எழுந்தன. ஏழைக் குடியானவர்களுக்கு வாழ்வு கிடைத்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் நீர் வடிந்த மண் காற்றுப்பட்டு மட்கத் தொடங்கியது, நிலம் இறங்கியது. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மேற்கு ஜொகூரின் சதுப்பு மண் தொடக்க வேகம் தணிந்த பின்னரும் ஆண்டுக்குச் சராசரி 2 சென்டிமீட்டர் தாழ்ந்து வந்ததைக் காட்டுகிறது. முப்பது ஆண்டில் 60 சென்டிமீட்டர்! ஒரு சிறுவனின் இடுப்பளவு. இறங்கிய நிலத்தில் வெள்ளநீர் தானாக வடிவது கடினம்.

இறங்கிய மண்ணில் ஒரு பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் கலந்தது. தென்கிழக்காசியாவின் வடிக்கப்பட்ட சதுப்பு நிலங்களிலிருந்து, தீப்பற்றி எரிவதையும் சேர்த்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 200 கோடி டன் கரியமில வாயு வெளியாவதாக 2006இன் ஆய்வறிக்கை ஒன்று மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி இந்தோனேசியாவினுடையது. 2015இல் அத்தகைய தீயின் புகைமூட்டத்தால் ஜொகூரில் பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை.

எனினும் செம்பனை மரத்தைக் குற்றவாளியாக்குவது முறையன்று. அது எந்நிலத்தில் நிற்கிறது என்பதே கேள்வி. ஜொகூரின் உட்புற மேட்டுநிலங்களில் பல தோட்டங்கள் ரப்பர் நின்ற இடத்தில் எழுந்தவை. நம் பெற்றோர் பால் வெட்டிய அதே நிலத்தில் பின்னர் குலை வெட்டினர். அங்கே புதிதாய்க் கரைந்த சதுப்பு இல்லை. மேலும், எண்ணெய் ஆலைகள் பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்துத் தமக்கான மின்சாரத்தைத் தாமே எடுக்கின்றன. ஆலைக் கழிவுநீர்க் குளங்களில் எழும் மீத்தேனைப் பிடித்து மின்சாரமாக்குவது இரட்டை நன்மை. காற்றில் விட்டால் அது கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு கேடு செய்யும். மொரிசியஸ் சக்கையிலிருந்து கற்ற பாடமும் இதுவேயன்றோ?

மறுவாரம் அம்மாணவனிடம் இவ்வாறு கூறினேன்: "எரிக்கலாம் தம்பி. ஆனால் எரிக்குமுன் மூன்று கேள்வி கேள். இது வீணாகும் பொருளா, இதற்கென்றே விளைவித்ததா? விளைந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது? அங்கே வாழ்வோருக்கு என்ன நேர்ந்தது?"

அவன் சற்று யோசித்து, "அப்படின்னா தீவில இருக்கிறவங்க நம்மகிட்டத்தான் கேட்கணும், டீச்சர்" என்றான்.

உண்மைதான். தொலைதூரத் தீவில் ஒரு விளக்கு தூய்மையாக எரிகிறதா என்பதை அங்குள்ள புகைபோக்கியைப் பார்த்து மட்டும் அறிய முடியாது. எண்ணெய் விளைந்த மண்ணில் வாழும் நாம்தான் அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியத்தை உண்மையாகச் சொல்ல நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.