400 கஜ தூரம், 40 பிட் வேகம்

போன எபிசோடுல மெசேஜ் க்யூ பத்திப் பேசினோம். கேட்டவங்கள்ல சிலர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தாங்க: "க்ளவுட்ல சர்வரை எவ்வளவு வேணும்னாலும் கூட்டிக்கலாமே, அப்புறம் எதுக்கு ரேட் லிமிட்? நிமிஷத்துக்கு இத்தனை மெசேஜ்தான்னு ஏன் கைய கட்டிப் போடணும்?" நியாயமான கேள்விதான். ஆனா பதில் க்ளவுட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது.

1986 அக்டோபர், கலிஃபோர்னியா. ஒரு பக்கம் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம், இன்னொரு பக்கம் பெர்க்லி பல்கலைக்கழகம். இரண்டுக்கும் இடையில் 400 கஜம், அதாவது சுமார் 365 மீட்டர். வழக்கமாக நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த அந்த இணைப்பின் வேகம் 40 பிட்டாக விழுந்தது. 40 பிட் என்றால் நொடிக்கு 5 ஆங்கில எழுத்து. ஃபோனில் வாசித்துக் காட்டினாலே அதைவிட சீக்கிரம் முடிந்துவிடும். டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போயிருக்கலாம்.

காரணம், வயர் அறுந்து போனது இல்லை. ஒவ்வொரு கணினியும் தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. சொல்லப்பட்டது இதுதான்: அனுப்பிய பாக்கெட்டுக்குப் பதில் வரவில்லையா, தொலைந்துவிட்டது என்று எடுத்துக்கொள், மறுபடி அனுப்பு. ஆனால் பல பாக்கெட்டுகள் தொலையவே இல்லை, நடுவில் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. அதற்குள் அதே பாக்கெட்டின் நகல் வந்து பின்னால் நிற்கும். நம்ம ஊர் ட்ராஃபிக் ஜாம்ல ஒரு கார் ஒரு கார்தான். இங்க ஒரு கார் நகரலைன்னா அதே கார் இன்னொண்ணு பின்னாடி வந்து ஹாரன் அடிக்கும்.

இதை ஒருத்தர் முன்கூட்டியே எழுதி வச்சிருந்தார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்த ஜான் நேகிள், 1984 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 896 என்ற ஆவணத்தில் இதற்கு 'கன்ஜெஷன் கொலாப்ஸ்' என்று பெயரே வைத்துவிட்டார். அதில் அவர் சொன்ன பயங்கரமான விஷயம், இந்த நிலை ஒரு முறை வந்துவிட்டால் அப்படியே நிலைத்து நிற்கும். சுமை குறையாதவரை தானாகத் தெளியாது.

தீர்வு வான் ஜேக்கப்ஸனும் மைக்கேல் கேரல்ஸும் செய்த வேலையிலிருந்து வந்தது. 1988-இல் அந்தக் கட்டுரை வெளியானது. அனுப்புகிறவர் மெதுவாக ஆரம்பிக்கணும். பாக்கெட் தொலைந்தால் அளவைப் பாதியாகக் குறைக்கணும். எல்லாம் சரியாகப் போனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றணும். மறுபடியும் மறுபடியும் பதில் வரவில்லையென்றால் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கணும். பழைய பாக்கெட் ஒன்று வெளியேறினால்தான் புதிது ஒன்று உள்ளே. இதற்காக நடுவில் இருக்கும் கருவிகளை மாற்றச் சொல்லவில்லை, போலீஸ் யாரையும் நிறுத்தவில்லை. பிஎஸ்டி யூனிக்ஸில் கோடாக வந்தது, பரவியது. அவ்வளவு பெரிய நெட்வொர்க் அனுப்புகிறவர்களின் நாகரிகத்தை நம்பி எழுந்து நின்றது.

அதே 1986-இல் ஜோனதன் டர்னர் வேறு வழியில் யோசித்தார். அவர் முன்வைத்ததுதான் 'லீக்கி பக்கெட்', அடியில் ஓட்டை இருக்கிற வாளி. நீங்கள் எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் அடியில் ஒழுகுவது ஒரே வேகம்தான். வாளி நிரம்பிய பிறகு ஊற்றுவது வழிந்து வீணாகும். அதாவது வாசலில் காவலாளி. இன்றைய ஏபிஐ கேட்வேக்கள் பலவற்றில் இருப்பது இந்த வாளியோ, இதன் பங்காளியான 'டோக்கன் பக்கெட்'டோதான். காவலாளி சொல்லும் "போதும், அப்புறம் வா" என்பதற்கு 2012-இல் ஆர்எஃப்சி 6585 ஒரு எண்ணைக் கொடுத்தது: 429. எப்போது திரும்பி வரலாம் என்பதை 'ரீட்ரை ஆஃப்டர்' ஹெட்டரில் சொல்லவும் வழி வைத்தது.

சரி, இப்ப நம்ம பைப்லைனுக்கு வருவோம். கடையில் விழும் ஆர்டர் மெசேஜாக மாறி, க்யூவில் ஏறி, பில்லிங்குக்கும் கிடங்குக்கும் போகிறது. அடியில் ஜேக்கப்ஸனின் டிசிபி ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் அதன் கட்டுப்பாடு ஒரு கனெக்‌ஷனுக்குள் மட்டும்தான். அதற்கு மேலே நாம் எழுதும் "ஃபெயில் ஆனா மூணு தடவை முயற்சி பண்ணு" கோடுக்கு அந்த நாகரிகம் தெரியாது. மூன்று அடுக்கு, ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சி என்றால் கடைசியில் இருக்கும் பாவப்பட்ட டேட்டாபேஸ் ஒரு ஆர்டருக்கு 27 தடவை அடி வாங்கும்.

"சர்வரைக் கூட்டிக்கலாமே"ன்னு கேட்டவங்களுக்கு, 2015 செப்டம்பர் 20. வடக்கு வர்ஜீனியாவில் அமேசானின் டைனமோடிபி. சின்ன நெட்வொர்க் தடங்கலுக்குப் பிறகு பல ஸ்டோரேஜ் சர்வர்கள் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் மெட்டாடேட்டா சர்வீஸிடம் விவரம் கேட்டன. பதில் டைம்அவுட்டுக்குள் வரவில்லை. மறுபடி கேட்டன, மறுபடியும் கேட்டன. கூடுதல் திறன் சேர்க்கலாம் என்று இன்ஜினியர்கள் முயன்றால், அந்தக் கட்டளையை வாங்கிக்கொள்ளக்கூட சர்வீஸுக்கு மூச்சில்லை. நேகிள் எழுதிய அதே நிலை, 31 வருடம் கழித்து. கடைசியில் அந்த சர்வீஸுக்கு வரும் கோரிக்கைகளையே நிறுத்தி வைத்தார்கள். நிறுத்திய பிறகுதான் திறனைச் சேர்க்கவே முடிந்தது. அதிகாலை 2:19-க்கு ஆரம்பித்தது பெருமளவு சரியாக 7:10 ஆனது. டைனமோடிபியை நம்பியிருந்த எஸ்க்யூஎஸ், அதாவது அமேசானின் மெசேஜ் க்யூவும் அதில் அடிபட்டது.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கினா மட்டும் போதாது. பத்து கன்ஸ்யூமரும் ஒரே நேரத்தில் அடி வாங்கினால், பத்தும் சரியாக இரண்டாவது நொடியில் சேர்ந்தே திரும்பி வரும், அப்புறம் நாலாவது நொடியில். அதனால் ஒவ்வொருத்தரும் காத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் குலுக்கல் போடணும், இதைத்தான் ஜிட்டர் என்கிறோம். இந்தக் குலுக்கல் யோசனை 1971-இல் ஹவாய் தீவுகளை ரேடியோவில் இணைத்த நார்மன் ஆப்ரம்ஸனின் அலோஹாநெட்டிலேயே இருந்தது. அந்தக் கதைக்குத் தனியா ஒரு எபிசோடு வேணும், அடுத்த வாரம் அதுதான்.