ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, சிதம்பரம்: சட்ட வரலாறு

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் அமைந்த மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும். இன்றைய அரசுப் பெயர், அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மற்றும் மருத்துவமனை. குமராட்சி, காட்டுமன்னார்கோயில், புவனகிரி வட்டாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தால் சமாளிக்க முடியாத நோயாளி என்றால், வண்டி பெரும்பாலும் இங்கேதான் வரும்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929இல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985இல் இக்கல்லூரியைத் தொடங்கியது. நிறுவனர் குடும்பத்துக்கு நிர்வாகத்தில் சட்டப்படியே தனி இடம் இருந்தது. ஊழியர் எண்ணிக்கை தேவைக்கு மேல் பெருகிச் சம்பளம் கொடுப்பதே சிக்கலானபோது, 2013இல் மாநில அரசு தலையிட்டது. ஏப்ரலில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷிவ்தாஸ் மீனா நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு புதிய அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகம் அரசின் கைக்கு வந்தது.

கட்டணம் மட்டும் அரசுக் கட்டணமாக மாறவில்லை. காரணம் நிர்வாகப் பிரிவினை: மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகள் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் இருந்தன, இது உயர்கல்வித் துறையின் கீழ் இருந்தது. அப்போது அங்கே எம்.பி.பி.எஸ். படிக்க ஆண்டுக்கு 13,610 ரூபாய், இங்கே 5.44 லட்சம். முதுநிலைக்கு 9.8 லட்சம். கையகப்படுத்தியவர்கள் இந்த முரணை ஏழாண்டுக்கு மேல் தொடரவிட்டதற்கு ஏற்கத்தக்க நியாயம் எதுவும் இல்லை.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமாகவே, அரசு முதலில் அரசாணை போட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. ஆனால் இடம் கிடைத்தவர்களில் சிலர் கட்டணம் கட்ட வழியில்லாமல் நிற்கவே, அதையும் தானே ஏற்பதாக அரசு அறிவிக்க வேண்டி வந்தது. சட்டம் திறந்த கதவைக் கட்டணம் அடைக்கும் என்பது அப்போது ஊரறியத் தெரிந்தது.

அந்த டிசம்பரில் சிதம்பரம் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினர். கோரிக்கை ஒன்றுதான்: அரசுக் கல்லூரிக்கு அரசுக் கட்டணம். கொரோனா வார்டுகளில் பணியாற்றிய பயிற்சி மருத்துவர்களும் அவர்களில் உண்டு. விடுதியைக் காலி செய்யச் சொன்ன பிறகும் போராட்டம் நிற்கவில்லை. ஐம்பது நாளைக் கடந்தது. சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததையும் சேர்த்தே இதன் முடிவைப் படிக்க வேண்டும். 2021 ஜனவரி இறுதியில் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. கட்டணக் குறைப்பு ஆணையும் தொடர்ந்து வந்தது.

பெரிய அறிவிப்புகளும் சட்ட ஏற்பாடுகளும் இதற்கு வெகு முன்பே இருந்தன. 1978இல் ஆரம்ப சுகாதாரம் குறித்த சர்வதேச அல்மா ஆட்டா மாநாடு 2000ஆம் ஆண்டுக்குள் எல்லோருக்கும் நல்வாழ்வு என்று அறிவித்தது. இந்திய அரசியல் சட்டத்தில் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கல்வியோ 1976இன் 42ஆம் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்குப் போனது. இவற்றில் எதுவும் இக்கல்லூரியின் கட்டணத்தைக் குறைக்கவில்லை. குறைத்தது மாணவர் போராட்டமும் அதன் பின் வந்த அரசாணையும்தான். கடலூர் மாவட்டத்தின் முதல் அரசு மருத்துவக் கல்லூரி இப்படித்தான் உருவானது.