டேவிட் சாசூன்

டேவிட் சாசூன் (1792–1864) பக்தாத்தில் பிறந்து, பம்பாயில் குடியேறி, புனேயில் மறைந்த யூத வணிகர். சாசூன் வணிகக் குடும்பத்தின் மூலவர். வாழ்நாள் முழுக்கப் பக்தாத் அங்கியும் தலைப்பாகையுமாகவே இருந்தவர்.

தந்தை சாலே பின் சாசூன் பக்தாத் யூத சமூகத்தின் தலைவர். உதுமானிய ஆளுநர்களுக்குப் பொருளாளர். தாவூத் பாஷா ஆளுநரானதும் வசதியுள்ள யூதர்களிடம் பணம் பறிப்பது வழக்கமாயிற்று. டேவிட் சிறைப்பட்டார், தந்தை பணம் கட்டி மீட்டார். பிறகு பாஸ்ரா வழியாகப் பாரசீகத்தின் பூஷேர் துறைமுகத்துக்குத் தப்பினார். முத்துகளை அங்கிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு கிளம்பினார் என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை. பின்னால் வந்துசேர்ந்த தந்தை 1830இல் பூஷேரிலேயே காலமானார்.

1830களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு பம்பாய்க்கு வந்தபோது டேவிட்டுக்கு நாற்பது வயது. துணி, பருத்தி என்று தொடங்கிய வணிகத்தை வளர்த்தது அவருடைய வீடுதான். முதல் மனைவி ஹன்னா 1826இல் இறந்திருந்தார். இரண்டாம் மனைவி ஃபர்ஹா. இருவர் வழியிலும் மகன்கள் எட்டுப் பேர். அவர்களே கணக்கர்கள், அவர்களே வெளியூர் முகவர்கள். நான்கிங் ஒப்பந்தம் சீனத் துறைமுகங்களைத் திறந்துவிட்ட இரண்டே ஆண்டுகளில், 1844இல், இரண்டாம் மகன் இலியாஸ் சீனாவுக்குக் கப்பலேறினார். மற்றவர்களும் முறைவைத்துப் போய்வந்தார்கள். கடிதப் போக்குவரத்து யூத அரபியில், எபிரேய எழுத்தில் நடந்தது. வெளியார் கையில் சிக்கினாலும் படிக்க முடியாது. தொழில் ரகசியத்துக்கு அதைவிட நல்ல பூட்டு வேறில்லை.

சமயம் இந்த வணிகத்துக்கு வெளியே நிற்கவில்லை. ஓய்வுநாளான சனிக்கிழமை கணக்குப் புத்தகம் திறக்கப்படாது. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் கால் சதவீதம் தருமத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. பக்தாத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர்களுக்கு வேலை, அவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. 1853இல் பிரித்தானியக் குடிமகனாக உறுதிமொழி ஏற்றபோது அவர் இட்ட கையெழுத்தும் எபிரேயத்தில்தான். ஆங்கிலம் எழுதத் தெரியாது.

அவர் வரலாற்றில் மறைக்க முடியாத கறை அபின். மாளவத்து அபினைச் சீனாவுக்கு அனுப்பியதில் வந்த லாபம் குடும்பச் செல்வத்தின் பெரும்பகுதி. பிரித்தானிய ஆட்சி அதைத் தடுக்கவில்லை, வருவாயாகவே கண்டது. அந்தச் சமாதானம் சீனத்து வீடுகளுக்குப் பொருந்தாது. தருமத்தைப் பேசி அபினை விட்டுவிடும் புகழுரைகளும், அபினைப் பேசி தருமத்தை மறைக்கும் வசைகளும் அவரைப் பாதியாகவே காட்டுகின்றன.

பம்பாய் பைகுல்லாவில் மாகென் டேவிட் தொழுகைக்கூடம், சிறார் சீர்திருத்தப் பள்ளி, புனேயில் இன்றும் இயங்கும் சாசூன் மருத்துவமனை ஆகியவை அவர் கொடையால் எழுந்தவை. மும்பை கோட்டைப் பகுதியிலுள்ள டேவிட் சாசூன் நூலகமும் அவர் நன்கொடையில் உருவானது. கட்டடம் அவர் மறைந்தபின் 1870இல்தான் முடிந்தது. அங்கே நிற்கும் அவருடைய பளிங்குச் சிலையைச் செதுக்கியவர் தாமஸ் வுல்னர். சிலையிலும் அதே பக்தாத் உடைதான். (மும்பை மீன்சந்தையால் பேர்பெற்ற சாசூன் டாக் அவர் கட்டியதல்ல, மூத்த மகன் அப்துல்லா 1875இல் அமைத்தது.)

தந்தை கட்டிய கூட்டுக்குடும்பம் அவருக்குப் பின் மூன்றாண்டுகூடத் தாங்கவில்லை. தலைமை அப்துல்லாவுக்குப் போயிற்று; 1867இல் இலியாஸ் தனிக்கடை போட்டார். அப்துல்லா ‘ஆல்பர்ட்’ ஆகி இங்கிலாந்தில் குடியேறினார். பேரன்களில் ஒருவர் யூதரல்லாத பெண்ணை மணந்ததால் வீட்டை விட்டு விலக்கப்பட்டார். அவருடைய மகன்தான் முதல் உலகப் போர்க் கவிஞர் சீக்ஃப்ரிட் சாசூன்.

டேவிட் 1864 நவம்பரில் புனேயில் காலமானார். அவர் பணத்தில் அங்கே எழும்பிக்கொண்டிருந்த ஓஹெல் டேவிட் தொழுகைக்கூடம் 1867இல் முடிந்தது. செங்கல் நிறத்தால் ஊரார் அதை ‘லால் தேவல்’ என்கிறார்கள். அதன் வளாகத்திலேயே அவருடைய கல்லறை இருக்கிறது.