கேட்காமலே கொடுக்கும் உலாவி: குக்கீயும் இயல்பமைப்பின் அரசியலும்

குக்கீ பற்றி இன்று நடக்கும் வழக்குகளில் பலவற்றுக்கு வேலையே இல்லாமல் செய்திருக்கக்கூடிய ஒரு விதி 1997 பிப்ரவரியிலேயே எழுதப்பட்டுவிட்டது. இணைய நெறிமுறைகளை வகுக்கும் பொறியாளர் மன்றம் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 2109 என்ற ஆவணத்தில் அது இருக்கிறது. எழுதியவர்கள் பெல் ஆய்வகத்தின் டேவிட் கிறிஸ்டலும் நெட்ஸ்கேப்பின் லூ மாண்டுல்லியும். பயனர் தாமாக நாடாத சர்வருடன் உலாவி குக்கீ பரிமாறக் கூடாது. விரும்புவோர் தடையை நீக்கிக்கொள்ள வசதி தரலாம். ஆனால் உலாவி கைக்கு வரும்போது தடை இருந்தாக வேண்டும். இதுதான் விதி. அன்று உலாவிச் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டிருந்த நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் இதைப் பின்பற்றவில்லை.

குக்கீயும் அந்தரங்க உரிமையும் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி ஒப்புதலையே சுற்றி வருகிறது: தளம் கேட்டதா, பயனர் தந்தாரா, தெரிந்துதான் தந்தாரா. ஆனால் குக்கீயின் வரலாற்றை முடிவு செய்தது, யாரும் எதையும் தொடாதபோது உலாவி என்ன செய்கிறது என்பதுதான். பாதுகாப்புக்காக இந்த இயல்பமைப்பைச் சில மாதங்களிலேயே மாற்றிக் காட்டிய கூகுள், அந்தரங்கத்துக்காக மாற்ற வேண்டியபோது ஐந்தாண்டு இழுத்துக் கைவிட்டது. இந்த வேறுபாட்டைச் சட்டம் கண்டுகொள்ளவில்லை என்பதே என் வாதம்.

குக்கீ பிறந்தது கண்காணிப்புக்காக அல்ல. எச்.டி.டி.பி. நெறிமுறைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த நொடியில் அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் ஒருவரே என்பது சர்வருக்குத் தெரியாது. 1994-இல் எம்.சி.ஐ. நிறுவனத்துக்காக நெட்ஸ்கேப் ஓர் இணையக் கடையை உருவாக்க முனைந்தபோது, வாடிக்கையாளரின் பாதி நிரம்பிய கூடையை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. அவரவர் கணினியிலேயே வைக்கலாம் என்றார் மாண்டுல்லி. சர்வர் ஒரு சிறு குறிப்பை அனுப்பும்; உலாவி அதைச் சேமித்து, அதே சர்வரிடம் போகும்போதெல்லாம் திருப்பிக் காட்டும். ஒரு தளத்தின் குறிப்பு மற்றொன்றுக்குப் போகாது. உலாவிகளுக்கு நிலையான அடையாள எண் கொடுக்கும் எளிய வழியை, ஆளைப் பின்தொடர உதவும் என்பதாலேயே தவிர்த்ததாக அவர் பின்னாளில் எழுதினார்.

அவர் தவிர்த்த எண் வேறு வழியில் வந்து சேர்ந்தது. ஒரு பக்கத்தில் தெரியும் படம் அந்தத் தளத்தின் சர்வரிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. விளம்பரப் படம் விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும்போது அதுவும் தன் குக்கீயைப் பதிக்கிறது. அதே நிறுவனம் ஆயிரம் தளங்களில் விளம்பரம் வைத்தால், ஆயிரம் தளங்களில் ஒருவர் நடந்த தடமும் ஓர் எண்ணின்கீழ் சேர்ந்துவிடும். விளம்பர நிறுவனமான டபுள்கிளிக் வளர்ந்தது இப்படித்தான். 1999-இல் அது, பெயர், முகவரியோடு குடும்பங்களின் கொள்முதல் விவரம் வைத்திருந்த அபாகஸ் டைரக்ட்டை வாங்கி, அந்த விவரத்தைத் தன்னிடமிருந்த தடங்களோடு இணைக்க எண்ணியது. அமெரிக்க வணிக ஆணையம் விசாரிக்கத் தொடங்கியதும், 2000 மார்ச்சில் அத்திட்டத்தை நிறுத்திவைத்தது. 2007-இல் டபுள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக கூகுள் அறிவித்தது.

மாண்டுல்லியின் தரப்பையும் கேட்க வேண்டும். இப்படிப் பிற சர்வர்கள் பதிக்கும் மூன்றாம் தரப்புக் குக்கீயை அடைத்தால் விளம்பரதாரர்கள் கண்ணுக்குத் தெரியாத வேறு உத்தியைத் தேடுவார்கள். குக்கீயையாவது பயனர் பார்க்கலாம், அழிக்கலாம் என்பது அவர் வாதம். இதில் உண்மை உண்டு. எழுத்துருக்கள், திரை அளவு, செருகுநிரல்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஓர் உலாவியை அடையாளம் காணலாம் என்று எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் அறக்கட்டளை 2010-இல் காட்டியது. அதன் சோதனைக்கு வந்த உலாவிகளில் 83.6 சதவீதம் தனித்துவமானவையாக இருந்தன. ஆனால் இந்த வாதம் குக்கீயைத் திறந்துவைத்ததை நியாயப்படுத்தப் போதாது. குக்கீ திறந்தே இருந்த ஆண்டுகளிலும் இந்த மறைமுக உத்திகள் வளரத்தான் செய்தன.

பாதுகாப்பின் கதை வேறு மாதிரி நகர்ந்தது. கடவுச்சொல்லை ஒருமுறை சரிபார்த்தபின் தளம் நம்மை அறிவது அமர்வுக் குக்கீயால்தான். கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கனைப் போல, கொண்டுவந்தவர் யார் என்று அது பார்ப்பதில்லை. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் வெளியிட்ட ஃபயர்ஷீப் என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சி இதை உலகுக்குப் போட்டுடைத்தது. பொது வைஃபையில் அமர்ந்தபடி, பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழைய முடிந்தது. அதன்பின் பெரிய தளங்கள் ஒவ்வொன்றாகத் தம் முழுப் போக்குவரத்தையும் மறையாக்கத்துக்குள் கொண்டுவந்தன.

இன்னொரு ஓட்டை மிச்சமிருந்தது. வங்கித் தளத்தில் உள்நுழைந்திருக்கும் ஒருவர் தீய பக்கம் ஒன்றைத் திறந்தால், அப்பக்கம் உலாவியை வங்கிக்குக் கோரிக்கை அனுப்பவைக்கும். உலாவியும் கேட்காமலே வங்கிக் குக்கீயை அதனுடன் சேர்த்து அனுப்பிவிடும். 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 இந்தப் பழக்கத்தை மாற்றியது. தளம் வெளிப்படையாக வேறுவிதமாகச் சொன்னாலன்றி, பிற தளங்களிலிருந்து எழும் இத்தகைய கோரிக்கைகளோடு குக்கீ போகாது என்பது இயல்பமைப்பாயிற்று. சில தளங்கள் உடைந்தன. கொரோனா காலம் என்பதால் ஏப்ரலில் நிறுத்திவைத்து ஜூலையில் மீண்டும் தொடங்கினார்கள். ஒரு பயனரிடமும் ஒப்புதல் பட்டை காட்டி அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நகைப்புக்கிடமாயிருக்கும்.

அதே 2020 ஜனவரியில்தான், மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டாண்டுக்குள் ஒழிப்பதாக கூகுள் அறிவித்தது. சஃபாரி அந்த மார்ச்சிலேயே முழுமையாக அடைத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் முந்தைய ஆண்டே அறியப்பட்ட கண்காணிப்பாளர்களை இயல்பாகத் தடுத்திருந்தது. குரோமின் கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2024 ஜூலையில் ஒழிப்புத் திட்டத்தைக் கைவிட்டு, தேர்வைப் பயனரிடமே விடுவோம் என்றார்கள். 2025 ஏப்ரலில், தேர்வைக் கேட்கும் அறிவிப்பும் வராது என்றார்கள். இதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல. போட்டியாளர்களின் விளம்பரத் தொழில் நசிந்து கூகுள் மேலும் வலுப்பெறும் என்று பிரிட்டனின் போட்டி ஆணையம் கவலைப்பட்டு, 2022-இல் நிறுவனத்திடம் உறுதிமொழிகள் பெற்றது. அந்தக் கவலையில் பொருள் உண்டு. உலாவியும் விளம்பரச் சந்தையும் ஒரே கையில் இருக்கும்போது, இயல்பமைப்பை முடிவு செய்யும் அதிகாரம் அந்தக் கையிடமே இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சட்டம் இதற்கிடையில் தளங்களை விரட்டிக்கொண்டிருந்தது. 2009-இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய மின்னணு அந்தரங்க நெறியாணை, சேவைக்கு இன்றியமையாதவை தவிர, பயனரின் கருவியில் எதைச் சேமிக்கவும் முன்ஒப்புதல் வேண்டும் என்றது. முன்கூட்டியே குறியிட்ட பெட்டி ஒப்புதலாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானெட்49 வழக்கில் தீர்ப்பளித்தது. ஏற்பது ஒரு கிளிக், மறுப்பது பல கிளிக் என்று வைத்திருந்ததற்காக பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சி.என்.ஐ.எல். கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. தீர்ப்புகளில் குறை காண முடியாது. ஆனாலும் கிடைத்தது, ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் ஒரு பட்டை. தெரிந்து தரும் ஒப்புதல் என்பது, ஒரு நாளில் இருபது முறை கேட்டால் எரிச்சலில் தரும் ஒப்புதலாகிவிடுகிறது.

உலாவியிடமே வேண்டுகோளை வைத்தால் போதுமா என்றால், உலாவி தளங்களுக்கு அனுப்பும் 'பின்தொடராதே' குறிப்பின் கதி நினைவிலிருக்க வேண்டும். 2012-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10 அதை இயல்பாகவே இயக்கியது. அது பயனரின் விருப்பமல்ல என்று சொல்லி விளம்பரத் துறை மதிக்க மறுத்தது. பின்னால் சட்டம் இல்லாத குறிப்பு காற்றில் போயிற்று. அந்தப் பாடம் இப்போதுதான் சட்டமாகிறது. தம் தரவு விற்கப்படுவதிலிருந்து விலகும் விருப்பத்தை அனுப்பும் வசதி எல்லா உலாவிகளிலும் 2027 ஜனவரி 1 முதல் இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா 2025 அக்டோபரில் சட்டமியற்றியது. அடுத்த மாதமே ஐரோப்பிய ஆணையம், பட்டைகளைக் குறைத்து, உலாவி தெரிவிக்கும் விருப்பத்தைத் தளங்கள் மதிக்கச் செய்யும் திருத்தத்தை முன்மொழிந்தது.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலையே தூணாகக் கொண்டது. குக்கீ என்ற சொல் அதில் இல்லை. ஒப்புதல் கோரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. தமிழிலும் கிடைக்கும் என்பது நல்லதே. சிறுவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. அதாவது, ஒப்புதலுக்கு அப்பால் இயல்பாகவே ஒன்றை அடைக்க முடியும் என்பது இச்சட்டத்துக்கும் தெரியும். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளில் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. அதற்குள் மத்திய அரசு, இந்தியாவில் கிடைக்கும் எல்லா உலாவிகளும் மூன்றாம் தரப்புக் குக்கீயை இயல்பாக அடைத்தே வர வேண்டும் என்று விதிக்கட்டும்; அதற்குச் சட்டத்திருத்தம் தேவையென்றால் அதையும் செய்யட்டும்.