திட்டம் கண்ட நகரும் திட்டம் காணாத சந்திப்பும்: சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் சமூக அறிவியல், மேலாண்மைக் கோட்பாடுகள்

முன்னுரை

சமூக அறிவியலும் மேலாண்மையியலும் வகுத்த கோட்பாடுகள் ஓர் ஊரின் மண்ணில் இறங்கும்போது என்ன ஆகின்றன? இக்கேள்விக்கு விடை தேட, சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகருக்கும் பரனூருக்கும் இடையே இருக்கும் சிங்கப்பெருமாள் கோவில் மிகப் பொருத்தமான களம். பல்லவர் காலக் குடைவரையான பாடலாத்ரி நரசிம்மர் கோயிலால் பெயர்பெற்ற ஊர் இது. 1980 தொடங்கிச் சுமார் முப்பது ஆண்டுகளில் இதைச் சுற்றி ஒரு புதுநகர், ஒரு கார் தொழிற்சாலை, ஒரு சிறப்புப் பொருளாதார மண்டலம், ஒரு வாகனத் தொழில் வட்டாரம் என நான்கும் எழுந்தன. நான்கின் பின்னாலும் கோட்பாடுகள் நின்றன. அவற்றில் செயல்படுத்த எளிதான பாதியே நடைமுறைக்கு வந்தது என்பதும், விடுபட்ட பாதியின் பாரம் இவ்வூரின் மேல் விழுந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. கெடிஸ் விட்டுச்சென்ற முறை

உயிரியலிலிருந்து சமூகவியலுக்கு வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ், சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பில் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த ‘கிளான் கிராண்ட்’ கப்பலை 1914 அக்டோபரில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. கெடிஸ் சோர்ந்துவிடவில்லை. நண்பர்கள் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். அதே ஆண்டு மாகாணத்தின் பல ஊர்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகளும் எழுதினார்.

இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராய்ந்த பிறகே திட்டம் தீட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கான அறிக்கையில், தெருக்களை இடித்து நேராக்குவதைவிட, வேண்டிய இடத்தில் மட்டும் கைவைத்துக் காற்றும் வெளிச்சமும் வரச் செய்வதே செலவு குறைந்தது, குடியிருப்போருக்கும் நல்லது என்று காட்டினார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது; மக்களை முதலில் ஆராயும் பழக்கம் வேரூன்றவில்லை.

2. மறைமலை நகர்

எபனேசர் ஹவார்டு 1898இல் முன்வைத்த தோட்டநகரக் கருத்து, பெருநகரின் நெரிசலைத் தணிக்க வேலையும் வீடும் அருகருகே அமைந்த சிறுநகர்களை முன்மொழிந்தது. பிரெஞ்சுப் பொருளியலாளர் பிரான்சுவா பெரூ 1950களில், வளர்ச்சி எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை, சில முனைகளில் தோன்றிப் பரவுகிறது என்றார். சென்னையின் 1975ஆம் ஆண்டு முழுமைத் திட்டத்தில் இவ்விரண்டின் சாயலையும் காணலாம். மறைமலை நகர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ஆகிய இடங்களில் துணைநகர்கள் வளர வேண்டும் என்றது அத்திட்டம். தனித்தமிழ் இயக்க முன்னோடி மறைமலை அடிகளின் பெயரில் 1980இல் புதுநகர் உருவானது. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 81,872.

ஆனால் ஹவார்டின் கருத்துக்கு உயிர்நாடி தெருவமைப்பு அன்று. நிலம் ஊருக்குப் பொதுவாக இருக்கும். நிலமதிப்பு ஏற ஏற அந்த ஆதாயம் ஊரின் பொதுப்பணிகளுக்கே திரும்பும் என்பதே அவர் வகுத்த ஏற்பாடு. இங்கே நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே ஒதுக்கப்பட்டது. பெரூ பேசியதும் நிறுவனங்களுக்கு இடையிலான உறவைப் பற்றியே. நடைமுறையில் அது வரைபடத்தில் வைக்கும் புள்ளியாகச் சுருங்கியது.

3. கார் தொழிற்சாலையும் ரயில்வே கேட்டும்

ஃபோர்டு ஆலை 1999 முதல் ‘ஐகான்’ கார்களை மறைமலை நகரில் தயாரித்தது. நவீனக் கார் ஆலைகளின் அடிப்படை, டொயோட்டாவின் தாயீச்சி ஓனோ வகுத்த ‘ஜஸ்ட் இன் டைம்’ முறை: உதிரிபாகம் கிடங்கில் தேங்கக் கூடாது, தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவு வந்து சேர வேண்டும். சாலை தடைபடாது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் முறை இது.

2002இல் மகிந்திரா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் கூட்டாகப் பரனூரில் மகிந்திரா வேர்ல்ட் சிட்டி என்ற சிறப்புப் பொருளாதார மண்டலத்தைத் தொடங்கின. 2007இல் அங்கே பி.எம்.டபிள்யூ. ஆலை வந்தது. ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் ஓரிடத்தில் கூடினால் திறனும் செய்தியும் பரவும் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் எழுதியதையும், மைக்கேல் போர்ட்டர் 1990இல் அதற்குத் தந்த புதுவடிவத்தையும் வாகனத் தொழில் வட்டாரமான ஒரகடம் மெய்ப்பித்தது. ரெனோ-நிசான் 2010இலும் டைம்லர் 2012இலும் அங்கே உற்பத்தியைத் தொடங்கின.

ஒரகடத்தை ஜி.எஸ்.டி. சாலையோடு இணைக்கும் சாலை, தென்மாவட்ட ரயில்பாதையைக் கடந்து சிங்கப்பெருமாள் கோவிலில் வந்து முடிகிறது. மின்சார ரயில், விரைவு ரயில், சரக்கு ரயில் என அடுத்தடுத்து வர, கேட் மூடப்பட்டுக்கொண்டே இருந்தது. புதுக்கார்களை அடுக்கிய டிரெய்லர், உதிரிபாக லாரி, ஷிப்டுக்கு ஆளேற்றும் கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ, பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. நிமிடக் கணக்கில் இயங்கும் ஆலைகளின் நேரம் இந்தக் கேட்டில் கரைந்தது. ஆலைகள் சில ஆண்டுகளில் எழுந்துவிட்டன; மேம்பாலப் பணியோ பல ஆண்டுகள் இழுத்தது. ஜி.எஸ்.டி. சாலையோரத் தொழிற்பகுதி, ஒரகடம் ஆகிய இரு வளர்ச்சி மையங்களும் சந்திக்கும் ஊர் இது என்பதற்கு எந்தத் திட்டமும் உரிய இடம் தரவில்லை.

2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது; 2022இல் ஆலை மூடப்பட்டது; இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் போராடினர். பெரிய நிறுவனம் விலகினால் அதைச் சார்ந்த அனைவரும் தளர்வர் என்பது பெரூவின் கருத்திலேயே அடங்கியிருக்கிறது. ஆலையை வரவேற்க அக்கோட்பாடு பயன்பட்ட அளவுக்கு, அது போகும் நாளுக்கு ஆயத்தமாகப் பயன்படவில்லை.

முடிவுரை

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. செங்கல்பட்டு வரையிலான இந்தச் சாலையோர ஊர்களும் இப்போது அதற்குள். மூன்றாம் முழுமைத் திட்டத்தில், ஆராய்ந்த பிறகே திட்டம் என்ற கெடிஸின் வரிசையைக் கடைப்பிடிக்க இது நல்ல தருணம். ஷிப்டு முடிந்து யார் எங்கே போகிறார்கள், ஒப்பந்தத் தொழிலாளர் எந்தத் தெருவில் என்ன வாடகைக்கு இருக்கிறார்கள், இரவில் வீடு திரும்பும் பெண்கள் எந்த நிறுத்தத்தில் இறங்கி எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பவற்றை நில வரைபடத்துக்கு முன்பே திரட்ட வேண்டும். நிலமதிப்பு உயர்வில் ஒரு பங்கைச் சந்திப்பு ஊர்களின் பாலங்களுக்கும் குடிநீருக்கும் ஒதுக்குவது ஹவார்டு சொன்ன வழியே. கோட்பாட்டை முழுதாக எடுத்துக்கொள்வதில் செலவு கூடும். பாதியை விட்டதன் செலவை இவ்வூர் மக்கள் தங்கள் நேரத்தால் ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள்.