யாழ்ப்பாணப் பொது நூலகம்

தானங்களுள் ஞானதானம் தலையாயது. ஏட்டினை எழுதுவித்து, அதனை அணிசெய்த ஊர்தியில் வைத்து, வாத்திய கோஷத்துடன் சிவாலயத்துக்குக் கொண்டுசென்று சமர்ப்பிக்கும் முறையினைச் சிவதருமோத்தரம் விரித்துரைக்கும். சரசுவதி பண்டாரம் என்னும் பெயரோடு ஆலயங்களில் ஏட்டுச் சாலைகள் விளங்கியமையைக் கல்வெட்டுகள் கூறும். தில்லையில் பூட்டிய அறையினுள் தேவார ஏடுகளைச் செல்லரித்துக் கிடக்கக் கண்டு சோழ வேந்தன் வருந்திய வரலாற்றை அன்பர்கள் அறிவர். காப்பதற்கென்று பூட்டிவைத்தமையே அவ்வேடுகளுக்குக் கேடாயிற்று.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர், 1822ஆம் ஆண்டில் நல்லூரில் அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அவர் 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து, வண்ணார்பண்ணையில் நிறுவி, ஏட்டிலிருந்தவற்றைப் பலர் கைக்கும் எட்டச் செய்தார். அவர் வளர்த்த கல்வி விருப்பம் நிலைபெற்ற அந்நாட்டிலே, நூல் வாங்க வசதியற்றோரும் கற்றுப் பயனடைதல் வேண்டுமென்னும் எண்ணம் பின்னர் ஒருவருள்ளத்தில் உதித்தது.

அவர் க. மு. செல்லப்பா என்னும் பெரியார். 1933இல் தம் இல்லத்திலேயே நூல்களை வைத்துப் பிறர்க்குப் படிக்க வழங்கலானார். ஊர்ப் பெருமக்கள் துணைநிற்க, 1934ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பெற்றது. அன்றிருந்த நூல்கள் 844. மறு ஆண்டில் அதனை நகரசபை ஏற்றுக்கொண்டது.

நூல்கள் பெருகவே நிலையான மாளிகை வேண்டியதாயிற்று. மாநகர முதல்வர் சாம் சபாபதியும், கிறித்தவத் துறவியாகிய லோங் அடிகளும், சைவப் பெருமக்களும் வேற்றுமை பாராது ஒருங்கு முயன்றனர். களியாட்டு விழாக்கள் வாயிலாகவும் நிதி திரட்டப்பெற்றது. சம்பந்தப் பெருமான் அவதரித்த சீகாழியிற் பிறந்த நூலகவியல் மேதை எஸ். ஆர். அரங்கநாதன் ஆலோசனை நல்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் அமைத்தார். 1954இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1959இல் மாளிகை திறக்கப்பெற்றது. முகப்பிலே கலைமகள் திருவுருவம் விளங்கிற்று. 1967இல் சிறுவர் பகுதியும் அமைந்தது.

இவ்வாறு ஏறக்குறைய அரை நூற்றாண்டு சேர்த்த செல்வம் ஓரிரவில் மாண்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தொடங்கிய வன்செயலின்போது, காவற்படையினரும் அவரோடு சேர்ந்தோரும் இட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் வெந்து சாம்பராயின. அந்நெருப்பைத் தொலைவிலிருந்து கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியால் உயிர் துறந்தார் என்பர்.

யாழ்ப்பாண வைபவமாலையின் ஏடும் அத்தீயில் அழிந்ததென்பர். ஆயினும் அந்நூல் முன்னரே அச்சேறியிருந்தமையால் இன்றும் கற்கப்படுகின்றது. அச்சேறாதனவும் வேறு பிரதி இல்லாதனவுமாகிய ஏடுகளுக்கோ அவ்வுய்வு கிட்டவில்லை. பூட்டிய அறையில் செல்லரித்ததும் திறந்த மாளிகையில் தீயுண்டதும் ஒரே பாடத்தைப் புகட்டுவனவாம்: ஓரிடத்தே மாத்திரம் உள்ள நூல் காவலுடையதன்று, பலவிடத்துப் பரவிய நூலே அழிவைக் கடக்கும். பிரதி செய்து அளித்தலை முன்னோர் தானமென வகுத்ததன் கருத்தும் இதனால் தெளிவாகும்.

மக்கள் தளர்ந்திலர். 1984இல் ஒரு பகுதி மீளத் திறக்கப்பெற்றது. 1985இல் போரினால் மறுபடியும் சிதைவுற்றது. 1998இல் புதுப்பிக்கும் பணி தொடங்கி, 2003இல் பழைய கோலத்தோடே பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. ஈழத்து நூல்களை மின்வடிவில் பிரதிசெய்து உலகெங்கும் கட்டணமின்றி வழங்கும் ‘நூலகம்’ என்னும் அறப்பணியும் 2005இல் தோன்றியது. ஓலையும் தாளும் கடந்து பிறிதோர் உருவில் நிகழும் ஞானதானமே அது.

திருப்பணி செய்து கும்பாபிஷேகம் கண்டு களிக்கும் புண்ணியசீலர்கள், தம் இல்லப் பரணிற் கிடக்கும் பழைய ஏடுகளையும் ஒருமுறை எடுத்து நோக்குவாராக. அவற்றைப் படியெடுப்பித்து ஆலயத்துக்கும் நூலகத்துக்கும் அளித்தல், விமானத்துக்குக் கலசம் அளித்தலோடு ஒத்த சிவபுண்ணியமாம்.

திருச்சிற்றம்பலம்.